பதினைந்து ஷில்லிங் சம்பளக்காரன்: 'எ கிறிஸ்மஸ் கரோல்', ஒரு பழைய கிளாக்கரின் பார்வையில்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 500 ரூபா, கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில். சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய முழுக் கதையும் இருக்கிறது, எதையும் வெட்டவில்லை. முதல் பதிப்புக்கு ஜோன் லீச் வரைந்த படங்களும் உண்டு, ஆனால் கறுப்பு வெள்ளையில். தாள் பழுத்துவிட்டது. எழுத்து சின்னது, கண்ணாடி இல்லாமல் என்னால் ஒரு வரி முடியாது. முதுகில் பசை விட்டுப்போய் நடுப்பக்கங்கள் கையோடு வந்தன. ஒட்டிக்கொண்டேன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நத்தாருக்கு முன்னால் எப்படியாவது ஒரு முழுப் பதிப்பைத் தேடி வாசியுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன்.

முழுப் பதிப்பு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பேத்திக்கு ஆங்கில வாசிப்புக்கென்று வாங்கிய சுருக்கப் புத்தகமும் வீட்டில் கிடக்கிறது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். அதில் பேய்கள் எல்லாம் தவறாமல் வருகின்றன. கதையில் மன்னிப்பும் இரக்கமும் உண்மையில் எங்கே நடக்கின்றனவோ அந்த இடங்கள்தான் காணாமல் போயிருக்கின்றன. சுருக்கியவர் எதை வெட்டினார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் டிக்கன்ஸ் என்ன செய்திருக்கிறார் என்பதே எனக்குச் சரியாகப் பிடிபட்டது.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஒப்பீசில் செக்ரோல் எழுதி ஓய்வு பெற்றவன். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் கூலியா அரைநாள் கூலியா), முற்பணத்தில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதே என் வேலைக்காலம். அதனால் இந்தக் கதையை ஸ்குரூஜின் கதையாக என்னால் வாசிக்க முடியவில்லை. எனக்கு இது அவனுடைய கிளாக்கர் பொப் கிராச்சிட்டின் கதை.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில். லண்டனில் ஸ்குரூஜ் என்றொரு கருமி வியாபாரி. நத்தாருக்கு முதல் நாள் இரவு, செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி வந்து எச்சரிக்கிறது. அப்புறம் மூன்று ஆவிகள் வந்து அவனுடைய பழைய நாளையும், இன்றைய நாளையும், வரப்போகும் நாளையும் காட்டுகின்றன. விடியும்போது ஆள் மாறியிருக்கிறான். அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருகிறேன். பொப்புக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம். நத்தார் தினத்தில் லீவு கேட்கிறான். இதற்காக உன் சம்பளத்தில் அரைக் கிரவுன் வெட்டினால் அநியாயம் என்பாய், வேலை செய்யாத நாளுக்கு நான் கூலி கொடுப்பது மட்டும் அநியாயமில்லையா என்று ஸ்குரூஜ் பொரிகிறான். அரைக் கிரவுன் என்றால் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். 15 ஷில்லிங்கை ஆறு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், நாளொன்றுக்குச் சரியாக அதே தொகை. பேய்க்கதை எழுதுகிறவர் இதைப் பிசகாமல் போட்டிருக்கிறார் என்றால், சம்பளம் வெட்டப்படுவது என்னவென்று தெரிந்தவர் என்று அர்த்தம்.

தெரிந்தவர்தான். 1824ல் அவருடைய அப்பா 40 பவுண் 10 ஷில்லிங் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சப்பாத்து மை தயாரிக்கும் இடத்தில் வாரம் ஆறு ஷில்லிங்குக்குப் போத்தலில் லேபல் ஒட்டியது. அப்பா வெளியே வந்த பிறகும் அம்மா மகனைத் திரும்ப அந்த வேலைக்கே அனுப்பப் பார்த்தார். அதைத் தன்னால் மறக்கவே முடியாது என்று டிக்கன்ஸ் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். பெற்ற தாயிடம் இப்படியொரு மனத்தாங்கலை ஆயுள் முழுக்கச் சுமந்த ஒருவர்தான் மன்னிப்பைப் பற்றி எழுதுகிறார். இந்தக் கதையில் யாரும் யாரையும் இலகுவில் மன்னித்துவிடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

உதாரணத்துக்கு கிராச்சிட் வீட்டு நத்தார் விருந்து. சின்ன வாத்து ஒன்று, அதைப் பெரிதாக்கிக் காட்ட உருளைக்கிழங்கு மசியலும் அப்பிள் சோஸும். ஊன்றுகோலோடு நடக்கும் சின்ன மகன் டிம். எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரியும், நத்தார் அட்டைகளிலும் படமாக வரும். எனக்குப் பிடித்தது சாப்பாடு முடிந்த பிறகு நடப்பது. பொப், இந்த விருந்துக்குக் காரணமானவர் என்று சொல்லி, ஸ்குரூஜ் பெயரில் குடிக்கக் கோப்பையைத் தூக்குகிறான். மனைவிக்கு ஆத்திரம் பொங்குகிறது. அந்த ஆள் இங்கே இருந்தால் விருந்தாக என் மனதில் உள்ளதையெல்லாம் கொடுத்திருப்பேன், நன்றாகத் தின்னட்டும் என்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள், நத்தார் நாள் என்று பொப் மெதுவாகச் சொல்கிறான். சரி, உங்களுக்காகவும் இந்த நாளுக்காகவும் குடிக்கிறேன், அந்த ஆளுக்காக இல்லை என்கிறாள் அவள்.

என் அபிப்பிராயத்தில் புத்தகத்திலேயே நேர்மையான இடம் இதுதான். பொப் மன்னித்துவிட்டான். அவன் மனைவி மன்னிக்கவில்லை, புருஷனுக்காகக் கோப்பையைத் தொட்டாள், அவ்வளவே. சம்பளம் போடும் நாளில் இந்த இரண்டு விதமான முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். தூறலில் கொஞ்சம் பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர் போடச் சொன்ன ஒரு துரையின் (தோட்ட மனேஜரின்) காலம் இருந்தது. ஆம்பளைகள் மேசைக்கு முன்னால் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். லயத்து வீட்டில் அடுப்புக்கு முன்னால் அந்தக் காசை எண்ணிப் பார்க்கிறவள் சிரிக்கமாட்டாள். துரைக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லச் சொன்னால், சொல்லுவாள், கிராச்சிட்டின் மனைவி சொன்ன மாதிரியே. சுருக்கப் பதிப்பில் அவளும் புன்னகையோடு கோப்பையைத் தூக்குகிறாள். படமும் போட்டிருக்கிறார்கள்!

மன்னிப்பில் இன்னொரு ரகம் பிரெட். ஸ்குரூஜின் தங்கை மகன். ஒவ்வொரு நத்தாருக்கும் மாமனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறான், ஒவ்வொரு தரமும் விரட்டப்படுகிறான். அவன் வீட்டு விருந்தில் மாமனைக் கேலி செய்துதான் பேசுகிறார்கள், அவன் மனைவிக்கு மாமன் மேல் துளியும் பிரியமில்லை. பிரெட்டும் சேர்ந்து சிரிக்கிறான். அதற்குப் பிறகு, மாமனின் குற்றத்துக்கு மாமனேதான் தண்டனை அனுபவிக்கிறார், எங்களோடு வந்து சாப்பிடாததில் யாருக்கு நட்டம், வருஷா வருஷம் போய்க் கூப்பிடத்தான் போகிறேன் என்கிறான். அவன் இதைப் பெரிய தியாகமாக நினைக்கவேயில்லை. இவ்வளவு சந்தோஷமாக மன்னிக்கிற ஆளை நான் வேறு கதையில் கண்டதில்லை. நிஜத்தில் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை விட்டுப்போன குடும்பங்களிலும், கோயில் திருவிழாவுக்குப் பத்திரிகை கொண்டு போய்க் கதவிடுக்கில் செருகிவிட்டு வருகிற மருமகன் ஒருவன் இருப்பான்.

பிரெட்டின் அம்மா பேனையும் மறக்கக்கூடாது. சின்ன வயதில் ஸ்குரூஜ் விடுமுறைக்கும் போக வீடில்லாமல் பாடசாலையில் தனியே கிடந்தபோது, அப்பா இப்போது நல்லவராகிவிட்டார், வா அண்ணா வீட்டுக்குப் போவோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டவள் அவள்தான். அந்த அப்பா ஏன் மகனைத் துரத்தினார், ஏன் மனம் மாறினார் என்று டிக்கன்ஸ் சொல்லவே இல்லை. தங்கை செத்துவிட்டாள், ஒரு பிள்ளையை விட்டுவிட்டு. அந்தப் பிள்ளையைத்தான் ஸ்குரூஜ் விரட்டுகிறான். ஆவி இதை நினைவுபடுத்தும்போது அவன் சங்கடப்பட்டு, ஆம் என்று மட்டும் சொல்கிறான்.

சுருக்கப் புத்தகத்தில் அறவே இல்லாத இரண்டு இடங்களை இனிச் சொல்ல வேண்டும்.

ஒன்று கடன்காரத் தம்பதி. மூன்றாம் ஆவி ஸ்குரூஜுக்கு அவனுடைய சாவையே காட்டுகிறது, அது தன் சாவு என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. இந்தச் சாவினால் மனம் அசைந்த ஒருவரையாவது காட்டு என்று கெஞ்சுகிறான். ஆவி ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போகிறது. அங்கே கடன்பட்ட ஒருவன், கெடு கேட்கப் போன இடத்தில் கடன் கொடுத்தவன் செத்துவிட்டான் என்று தெரிந்து திரும்பி வருகிறான். மனைவிக்குச் சந்தோஷம் முட்டுகிறது, கைகளைக் கோத்து நன்றி சொல்கிறாள். அடுத்த கணமே தன்னை மன்னிக்கும்படி வேண்டிக்கொள்கிறாள். ஒரு சாவைக் கேட்டு மகிழ்ந்துவிட்டோமே என்று. அநியாயம் செய்தவன் இறந்து போயிருக்கிறான், மன்னிப்புக் கேட்பவளோ கடனில் நசுங்கியவள். இந்த ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வெட்டியவரோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பாட்டன்மாருக்கு இது நன்றாக விளங்கியிருக்கும். துண்டு முறை இருந்த காலத்தில் கங்காணியிடம் (ஆள் சேர்த்து வேலை வாங்கியவரிடம்) பட்ட கடன் எழுதிய துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாறிப் போக முடியாது, புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தே ஆளை எடுக்கும். 1921ல்தான் அது ஒழிந்தது. கங்காணி கண்ணை மூடினார் என்ற செய்தி எத்தனை காம்பராக்களில் இப்படி ஒரு நிமிடச் சந்தோஷத்தையும், உடனே ஒரு கன்னத்தில் போட்டுக்கொள்ளலையும் உண்டாக்கியிருக்கும்!

மற்றது சுரங்கத் தொழிலாளர் குடிசை. நிகழ்கால நத்தாரின் ஆவி ஸ்குரூஜை ஊருக்கு வெளியே, ஒன்றும் முளைக்காத வெட்டவெளிக்குக் கொண்டுபோகிறது. பூமிக்குள் இறங்கி வேலை செய்யும் சனங்கள். ஒரு கிழவர், அவர் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். காற்றின் இரைச்சலுக்கு மேலே கிழவர் ஒரு பழைய நத்தார்ப் பாட்டுப் பாடுகிறார், மற்றவர்கள் இடைக்கிடை சேர்ந்துகொள்கிறார்கள். பிறகு கடலுக்கு நடுவில் ஒரு வெளிச்சவீடு, காவலிருக்கும் இருவர் மேசைக்கு மேலால் கைகொடுத்து வாழ்த்திக்கொள்கிறார்கள். கதைக்கு இவர்கள் யாரும் தேவையில்லை, பெயர்கூட இல்லை. ஆனாலும் டிக்கன்ஸ் அங்கே போகிறார். இந்தப் புத்தகம் வந்த 1843ல் எங்கள் சனம் இந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்தது. லூல்கந்துரையில் தேயிலை நட இன்னும் இருபத்து நாலு வருஷம். அந்த ஆவி இன்னும் கொஞ்சம் தெற்கே பறந்திருக்கலாம் என்பது என் சின்ன ஆசை.

ஐந்தாம் பகுதிதான் எல்லாரும் அழுகிற இடம். நான் அழவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். மாறிப்போன ஸ்குரூஜ் தெருவில் போகும் பொடியனைக் கூப்பிட்டு, கடையில் தொங்கும் பெரிய வான்கோழியை வாங்கி, அனுப்பியது யாரென்று தெரியாமல் கிராச்சிட் வீட்டுக்கு அனுப்புகிறான். தூக்கிக்கொண்டு நடக்க முடியாதென்று வண்டிக்கும் காசு கொடுக்கிறான். பிறகு தெருவில், முதல் நாள் ஏழைகளுக்காகக் காசு கேட்டு வந்து தன்னிடம் பேச்சு வாங்கிப் போன கனவானைக் காண்கிறான். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறான். காதுக்குள் ஒரு தொகையையும் சொல்கிறான். அந்த மனிதர் திகைத்துப்போக, இதில் பழைய பாக்கிகளும் சேர்ந்திருக்கின்றன என்கிறான்.

பழைய பாக்கி! ஒரு கிளாக்கருக்கு இதைவிட இனிப்பான வசனம் கிடையாது. சம்பள உயர்வை அறிவித்துவிட்டு நிலுவையைப் பற்றி வாயே திறக்காத நிர்வாகங்களை நான் அறிவேன். ஸ்குரூஜ் இனிமேல் நல்லவனாக இருப்பேன் என்று சொல்லி நிறுத்தவில்லை, கொடுக்காமல் விட்ட வருஷங்களையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறான். தொகை எவ்வளவு என்று டிக்கன்ஸ் எழுதவில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

என் பேத்தி கவனித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். "தாத்தா, அந்த ஐயாகிட்ட மட்டுந்தானே மன்னிப்புன்னு வாய்விட்டுக் கேட்டாரு? சொந்தக்காரங்ககிட்ட கேக்கவே இல்லையே" என்றாள். புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உண்மை. பிரெட் வீட்டு வாசலை ஒரு டசின் தடவை கடந்து போகிறான், தட்டத் துணிச்சலில்லை. உள்ளே போனதும் சாப்பிட வந்திருக்கிறேன், விடுவாயா என்கிறான். பிரெட் கையைப் பிடித்துக் குலுக்குகிற குலுக்கில் கை கழன்று விழாதது பெரிய காரியம் என்கிறார் டிக்கன்ஸ். பழைய கதை ஒன்றும் எடுக்கப்படவில்லை. அன்றைக்கு முதல் நாள் வரை அவனைப் பிடிக்காத பிரெட்டின் மனைவியும் அதே மேசையில் இருக்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

பொப்பிடமும் அப்படித்தான். மறுநாள் பொப் பதினெட்டரை நிமிடம் பிந்தி வருகிறான். ஸ்குரூஜ் பழைய குரலில் உறுமிவிட்டு, இனி இதைப் பொறுக்க முடியாது, அதனால் உன் சம்பளத்தைக் கூட்டப் போகிறேன் என்று கத்துகிறான். பொப் என்ன செய்கிறான் தெரியுமா? மேசையிலிருக்கும் அடிமட்டத்தின் பக்கம் மெல்ல நகர்கிறான். இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ஒரு போடு போட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிடுவோமா என்று யோசிக்கிறான். நான் சிரித்தது இங்கேதான். எந்தக் கிளாக்கராக இருந்தாலும் இதையேதான் யோசித்திருப்பான். அதன் பிறகு ஸ்குரூஜ் சொல்லும் முதல் வேலை, இன்னொரு எழுத்து எழுதுவதற்கு முன்னால் நெருப்பைக் கூட்டு, புதிதாக ஒரு கரிவாளி வாங்கி வா என்பது. அதுவரை கரிப்பெட்டி முதலாளியின் அறையில், பொப்போ மெழுகுதிரியில் கை காய்ச்சிக்கொண்டிருந்தவன்.

இதையெல்லாம் எங்கள் தோட்டத்துப் பழைய தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவர் கதையைக் கேட்டுவிட்டு, "கிளாக்கர் ஐயா, சம்பளம் கூட்ட மூணு பேய் வேணும்னா நாங்க எங்க போறது?" என்றார். நியாயமான கேள்வி. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் எந்தத் துரையின் கனவிலும் ஆவி வந்து கிடைத்ததில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்டு, ஊர்வலம் போய், கடைசியில் 2021ல் அரசாங்க வர்த்தமானியில்தான் வந்தது. முதலாளியின் மனம் இளகினால் எல்லாம் சரியாகும் என்று நம்பிவிட இந்தக் கதை இடம் கொடுக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் டிக்கன்ஸுக்கும் இது தெரியாமலில்லை. பிள்ளைகளை வேலை வாங்குவது பற்றிய அரசாங்க அறிக்கையைப் படித்துவிட்டு அந்த வருஷம் முதலில் அவர் எழுத நினைத்தது ஒரு துண்டுப் பிரசுரத்தைத்தான். பிறகு, கதையாக எழுதினால்தான் பலமாக விழும் என்று முடிவு செய்தார். ஆறு வாரத்தில் எழுதி முடித்தார். நிகழ்கால ஆவியின் அங்கிக்குள்ளிருந்து அறியாமை, இல்லாமை என்று இரண்டு எலும்பும் தோலுமான பிள்ளைகள் வெளியே வரும் இடத்தைத் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். "இது சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அவர் அதிகம் பாராட்டுகிற ஆளில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஆரம்பப் பக்கங்களில் மார்லி செத்துவிட்டான் என்பதையே சுற்றிச் சுற்றிச் சொல்லிப் பொறுமையைச் சோதிக்கிறார். கடைச் சாமான்களை வர்ணிக்கும் இடங்களில் வசனம் முடிவதாகவே இல்லை. சாதாரண தரத்துப் பிள்ளைகள் தனியே வாசித்தால் அங்கேயே மூடிவிடுவார்கள். பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டினால் ஓடிவிடும். டிக்கன்ஸே மேடையில் சத்தமாக வாசித்துக் காசு சம்பாதித்த கதைதான் இது. ஸ்குரூஜுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெல் என்ற பெண்ணுக்கும் ஒன்றும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அவளிடம் பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. அது குறையா, வேண்டுமென்றே விட்டதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். காசு கொடுக்க விருப்பமில்லை என்றால் குட்டன்பர்க் என்ற இணையத் தளத்தில் முழுக் கதையும் இலவசமாகக் கிடக்கிறது, உரிமம் எப்போதோ முடிந்துவிட்டது. அட்டைப்பெட்டிக்குள் வரும் தடித்த அன்பளிப்புப் பதிப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க அவசியமில்லை. 1843 டிசெம்பர் 19ல் முதல் பதிப்பு ஐந்து ஷில்லிங்குக்கு வந்தது, 6000 பிரதியும் நத்தாருக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. பொப்பின் வாரச் சம்பளத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. அவனுடைய கதையை அவனால் வாங்கியிருக்க முடியாது.

வாங்கினால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதல் தாளில் பென்சிலால் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண், அரைக் கிரவுன் இரண்டரை ஷில்லிங் என்று எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்காவிட்டால் பாதிக் கதை போய்விடும். மற்றது, முன்னுரையை விட்டுவிட்டு நேரே கதைக்குப் போங்கள். என் பிரதியில் முன்னுரை எழுதியவர் டிம்முக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதை மூன்றாம் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டார்.